நெல்லை எக்ஸ்பிரசுக்கு இடம் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்! அதைச் செய்த கம்பெனி என்ன ஆனது?

"சார், வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரசுல ரெண்டு டிக்கெட் இருக்கா? அம்மைக்கு முட்டி வலி. ஒண்ணு கீழ பெர்த்தா பாத்துக் கொடுங்க."

திருநெல்வேலி ஜங்ஷன் முன்பதிவு ஜன்னலில் தினமும் கேட்கும் பேச்சு இது. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் சில எழுத்துகளைத் தட்டுகிறார். சில வினாடிகளில் டிக்கெட் வந்து விடுகிறது. அல்லது "வெயிட்டிங் லிஸ்ட் 84" என்ற பதில் வருகிறது.

அந்தச் சில வினாடிக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி நெல்லையில் இருந்து சென்னைக்கு ஓடுகிறது. அங்கே ரெயில்வேயின் பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. தெற்கு ரெயில்வேயின் ரெயில்களுக்கு எல்லாம் இடக்கணக்கு அங்கேதான். அது கணக்கைப் பார்த்துப் பதில் சொல்கிறது.

இப்படிப்பட்ட பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் நாட்டில் ஐந்து. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத். கல்லிடைக்குறிச்சிக்காரர் கேட்டாலும், காசிக்குப் போகிறவர் கேட்டாலும் இந்த ஐந்தில் ஒன்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை இனிமேல்தான்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றத்தில் ரெயில்வே ஒரு பதில் கொடுத்தது. "இப்போதுள்ள முன்பதிவு ஏற்பாடு 2010-ம் ஆண்டு அமைத்தது. அது 'இட்டேனியம்' என்ற எந்திரத்தில், 'ஓப்பன் வி.எம்.எஸ்.' என்ற மென்பொருளில் ஓடுகிறது. இது பழைய தொழில்நுட்பம். மாற்ற வேண்டும்" என்பது அந்தப் பதிலின் சாரம்.

இட்டேனியமா? அது என்ன? கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கிடைக்காது. அதைச் செய்து வந்த இன்டெல் கம்பெனி, கடைசிச் சரக்கை 2021-ம் ஆண்டு ஜூலையில் அனுப்பி விட்டுக் கடையை மூடி விட்டது!

வி.எம்.எஸ். மென்பொருளை முதலில் உண்டாக்கிய கம்பெனியோ அதற்கும் வெகு காலம் முன்பே, 1998-ம் ஆண்டிலேயே, விலைக்குப் போய் விட்டது.

செய்தவன் போய் விட்டான். செய்த பொருள் மட்டும் ஓடிக் கொண்டு இருந்தது. அதை நம்பித்தான் நாம் பொங்கலுக்கு ஊருக்கு வந்து கொண்டு இருந்தோம்.

பேரேட்டுக் காலம்

கம்ப்யூட்டர் வருமுன் எப்படி இருந்தது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். சொல்வார்கள்.

ஒவ்வொரு ரெயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பேரேடு. டிக்கெட் வாங்கியவர் பெயரை அதில் குமாஸ்தா கையால் எழுதுவார். ஒரு ரெயிலுக்கு ஒரு ஜன்னல். தவறான வரிசையில் நின்று விட்டால் போச்சு. மறுபடியும் அடுத்த வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

திரும்பி வர டிக்கெட் வேண்டுமா? அதற்குத் தந்தி அடிப்பார்கள். சென்னையில் இடம் உறுதி ஆயிற்றா, இல்லையா என்பது தெரியாமலே நெல்லையில் இருந்து ரெயில் ஏறியவர்கள் உண்டு.

இதை மாற்ற 1985-ம் ஆண்டு டெல்லியில் வேலை தொடங்கியது. செய்தது சி.எம்.சி. என்ற அரசாங்கக் கம்பெனி.

இந்தக் கம்பெனி வளர்ந்ததே ஒரு தனிக் கதை. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி ஒரு காலத்தில் இந்தியாவில் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விட்டு வந்தது. பிற நாடுகளில் மவுசு போன பழைய ரகங்களும் இங்கே வாடகை சம்பாதித்தன. வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐ.பி.எம். சம்மதிக்கவில்லை. 1978-ல் மூட்டை கட்டியது. அது விட்டுப் போன எந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறுப்பு சி.எம்.சி.யின் தலையில் விழுந்தது. அடுத்தவன் செய்த பழைய எந்திரத்தைக் காப்பாற்றியே கைதேர்ந்தவர்கள் அவர்கள்!

அவர்கள் முன்பதிவுக்காக எடுத்த எந்திரத்தின் பெயர் 'வாக்ஸ்'. அதற்குள் இருந்த மென்பொருள் வி.எம்.எஸ்.

டெல்லிக்குப் பின் சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் என்று ஏற்பாடு பரவியது. பிறகு ரெயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் அமைப்பான 'கிரிஸ்' புதிய புரோகிராம் எழுதியது. 1999-ம் ஆண்டு ஐந்து நிலையங்களும் ஒன்றோடு ஒன்று இணைந்தன. எந்த ஊர் ஜன்னலிலும் எந்த ஊர் ரெயிலுக்கும் டிக்கெட் வாங்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 2002-ம் ஆண்டு ஆகஸ்டில் இன்டர்நெட் மூலமும் விற்பனை ஆரம்பம் ஆயிற்று.

மேஸ்திரியும் தேர் வடமும்

வி.எம்.எஸ். என்றால் என்ன? எளிதாகச் சொல்லி விடலாம்.

கம்ப்யூட்டர் ஒரு கட்டட வேலை என்று வைத்துக் கொள்ளுங்கள். கொத்தனார் இருக்கிறார். சித்தாள் இருக்கிறார். ஆசாரி இருக்கிறார். யார் எந்த வேலையை எப்போது செய்வது என்று பங்கிட்டுக் கொடுக்க ஒரு மேஸ்திரி வேண்டும் அல்லவா? வி.எம்.எஸ். அந்த மேஸ்திரி. 1977-ம் ஆண்டு அக்டோபரில், வாக்ஸ் எந்திரத்தோடு சேர்ந்தே அறிமுகம் ஆனது.

இந்த மேஸ்திரிக்கு இரண்டு கெட்டிக்காரத்தனம் உண்டு.

ஒன்று: பல எந்திரங்களை ஒரே எந்திரம் போலச் சேர்த்து வேலை வாங்கும். நெல்லையப்பர் தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் கை வலித்து விலகினால் தேர் நின்று விடுமா? நிற்காது. அதைப் போல ஓர் எந்திரம் படுத்து விட்டாலும் மற்றவை வேலையைத் தாங்கிக் கொள்ளும்.

இரண்டாவதுதான் நமக்கு முக்கியம்.

காலை 11 மணி. படுக்கை வசதிக்குத் தட்கல் டிக்கெட் திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரசில் இன்னும் ஒரே ஒரு படுக்கைதான் பாக்கி. அம்பாசமுத்திரம் ஜன்னலில் ஒருவர் அதைக் கேட்கிறார். அதே நொடியில் சென்னை தாம்பரத்தில் ஒருவர் செல்போனில் அதையே கேட்கிறார். இருவருமே பணம் கட்டத் தயார்.

யாருக்குக் கொடுப்பது?

யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் இருவருக்கும் கொடுக்கக் கூடாது! ஒருவர் கேள்வியை எடுத்துக் கொண்டதும் அந்தப் படுக்கையைப் பூட்டி விட வேண்டும். மற்றவரை நிறுத்தி வைக்க வேண்டும். முதல் ஆள் பணம் கட்டினால் விற்பனை முடிந்தது. பணம் வராவிட்டால் பூட்டைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும், கம்பி அறுந்தாலும், பாதி விற்ற டிக்கெட் என்று ஒன்று இருக்கக் கூடாது.

பேரேட்டுக் காலத்தில் ஒரே படுக்கைக்கு இரண்டு பேர் வந்து நின்று ரெயிலுக்குள் சண்டை போட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டையை ஒழித்தது இந்தப் பூட்டுதான். ரெயில்வேக்கு வி.எம்.எஸ். மீது அவ்வளவு பிடிப்பு வந்தது வீணாக அல்ல.

கம்பளி ஆலையில் பிறந்த கம்பெனி

இனி, அந்த எந்திரத்தைச் செய்தவர்கள் கதை.

நமக்கு விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை தெரியும். தாமிரபரணித் தண்ணீரை நம்பி 1885-ல் ஹார்வி கம்பெனி தொடங்கியது. அமெரிக்காவில் மேனார்டு என்ற சிற்றூரில் அதைப் போல ஒரு பழைய கம்பளி ஆலை இருந்தது. ஆலை ஓய்ந்து போன கட்டடத்தில் ஒரு பகுதியை 1957-ம் ஆண்டு கென் ஓல்சன் என்ற என்ஜினீயர் வாடகைக்குப் பிடித்தார். கையில் இருந்த முதல் 70,000 டாலர். கம்பெனியின் பெயர் 'டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்'. சுருக்கமாக 'டெக்'.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறை முழுவதும் அடைத்துக் கொள்ளும். விலை கோடிக்கணக்கில். ஓல்சன் அதைவிடச் சிறிதாக, மலிவாகச் செய்தார். ஆஸ்பத்திரியும் ஆலையும் பல்கலைக்கழகமும் வாங்கின. 1980-களின் கடைசியில் ஐ.பி.எம்.முக்கு அடுத்த பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி டெக்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள்.

பிறகு என்ன? பெரியதை விடச் சிறியதை விற்றுப் பணக்காரர் ஆனவர், தன்னை விடச் சிறியது வந்தபோது கவனிக்கவில்லை. மேஜை மேல் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் வேகம் கூடியது, விலை குறைந்தது. பத்து சின்ன எந்திரங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பெரிய எந்திரத்தின் வேலை நடக்கும் என்று வாடிக்கைக்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

1998-ம் ஆண்டு டெக் விற்கப்பட்டது. வாங்கியது யார் தெரியுமா? காம்பேக்! சின்னக் கம்ப்யூட்டர் விற்று வளர்ந்த கம்பெனி அது. விலை 960 கோடி டாலர். நான்கு ஆண்டு கழித்து, 2002-ல், காம்பேக்கை எச்.பி. கம்பெனி விழுங்கியது.

இன்னொரு வேடிக்கை. வி.எம்.எஸ். உண்டாக்கிய குழுவில் முக்கியமான ஆள் டேவ் கட்லர். அவர் 1988-ம் ஆண்டு மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் போய் 'விண்டோஸ் என்.டி.'யை உருவாக்கினார். இன்று மேஜை மேல் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் அந்த வம்சம்தான். பழைய வீட்டுப் பிள்ளையே புது வீடு கட்டி, பழைய வீட்டுக்கு வாடகை வராமல் செய்து விட்டது!

செத்த சிப்புக்கு மூச்சு

வி.எம்.எஸ். மேஸ்திரி மட்டும் வீடு மாறி மாறிப் போனார். முதலில் வாக்ஸ். பிறகு 'ஆல்பா'. அதன் பிறகு எச்.பி.யும் இன்டெலும் சேர்ந்து கொண்டு வந்த இட்டேனியம். 2001-ல் இட்டேனியம் வந்தபோது, உலகத்துப் பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் இனி இதுதான் என்று பேசினார்கள்.

நடந்தது வேறு. 2003-ம் ஆண்டு ஏ.எம்.டி. கம்பெனி, பழைய சின்னக் கம்ப்யூட்டர் சிப்பையே பலப்படுத்திப் புது ரகம் ஒன்றை விற்றது. பழைய புரோகிராம்களும் அதில் ஓடின. மலிவாகவும் இருந்தது. சந்தை முழுதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்டெலே கடைசியில் அதே வழியில் போக வேண்டியது ஆயிற்று. கப்பல் மூழ்கிய 'டைட்டானிக்' நினைவாக இட்டேனியத்தை 'இட்டானிக்' என்று கேலி செய்தார்கள்.

2011-ல் ஆரக்கிள் கம்பெனி, "இனிமேல் இட்டேனியத்துக்கு மென்பொருள் செய்ய மாட்டோம்" என்று சொல்லி விட்டது. எச்.பி. கோர்ட்டுக்குப் போனது. அந்த வழக்கில்தான் ஒரு ரகசியம் வெளியே வந்தது. இட்டேனியத்தைத் தொடர்ந்து செய்வதற்காக, எச்.பி. தன் கையில் இருந்தே இன்டெலுக்கு ஏறத்தாழ 69 கோடி டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டு இருந்தது! ஒரு கடைக்காரர், சரக்கு நின்று விடாமல் இருக்க, ஆலைக்காரருக்குத் தனியாக மாதப் பணம் கொடுப்பதைப் போல.

ஏன் கொடுத்தது? எச்.பி.க்கு வேறு வழி இல்லை. வங்கிகள், ஆஸ்பத்திரிகள், பங்குச் சந்தைகள், நம் ரெயில்வே போன்ற வாடிக்கைக்காரர்கள் அதை நம்பி இருந்தார்கள். அவர்களிடம் "சரக்கு தீர்ந்தது" என்று சொல்ல முடியுமா?

வழக்கில் எச்.பி. வென்றது. 2016-ல் 300 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பு. ஆனால் வழக்கில் வென்றதால் சந்தை திரும்பி வந்து விடவில்லை.

2013-ம் ஆண்டிலேயே எச்.பி. மணி அடித்து விட்டது. புதிய இட்டேனியம் எந்திரங்களுக்கு வி.எம்.எஸ்.சை மாற்றித் தரப் போவது இல்லை என்று அறிவித்தது.

பழையது என்றால் கெட்டதா?

நெல்லை சந்திப்புக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தைத் திறந்தது 1843-ம் ஆண்டு. இன்றும் பஸ் போகிறது. ஒரு கல் பெயர்ந்தால் நல்ல கொத்தனார் போதும். பாலத்தைக் கட்டியவரைத் தேடிப் போக வேண்டாம்.

அம்பாசிடர் காரை எடுத்துக் கொள்ளுங்கள். 2014 மே மாதத்தோடு அதைச் செய்வது நின்று விட்டது. ஆனால் ஒரு பாகம் உடைந்தால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கி மாட்டி விடலாம்.

கம்ப்யூட்டர் சிப்பைக் கடைய முடியாது. அதற்குக் கோடிக்கணக்கான பணத்தில் கட்டிய ஆலை வேண்டும். அந்த ஆலை "இனி இல்லை" என்று சொல்லி விட்டால், உலகத்தில் மிச்சம் இருக்கிற பழைய எந்திரங்களில் இருந்துதான் பாகம் கழற்ற வேண்டும். வாங்குகிறவர் குறையக் குறைய, பாகத்தின் விலை ஏறும். ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றுப் போவார்கள். இளைஞர்கள் அந்த வித்தையைக் கற்க வருவது இல்லை. நம் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களிடம் வி.எம்.எஸ். என்று சொல்லிப் பாருங்கள். "அது என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. வேலை விளம்பரத்தில் வராத வித்தையை யார் படிப்பார்கள்?

எந்திரம் ஓடுகிறது. கணக்கில் தவறு இல்லை. இருந்தாலும் நாளைக்கு உடைந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒரு கம்ப்யூட்டரின் சந்தை போய் விட்டது என்றால் அதுதான் பொருள்.

வி.எம்.எஸ். மட்டும் அடியோடு செத்து விடவில்லை. 2014-ம் ஆண்டு, பழைய டெக் என்ஜினீயர்கள் பலர் இருந்த ஒரு சிறு கம்பெனி அதை எச்.பி.யிடம் இருந்து உரிமை பெற்று எடுத்துக் கொண்டது. 2022-ம் ஆண்டு, கடையில் கிடைக்கும் சாதாரண ரகச் சிப்பிலேயே ஓடும்படி மாற்றியும் விட்டது. மேஸ்திரிக்கு நான்காவது வீடு கிடைத்து விட்டது!

வீடு மாறுவது சுலபமா?

ஆகவே, மாறுகிறவருக்கு இரண்டு வழி. பழைய சாமான்களோடு புது வீட்டுக்குக் குடி போகலாம். அல்லது எல்லாவற்றையும் புதிதாக வாங்கலாம்.

நமது ரெயில்வே புதிதாகவே செய்வது என்று முடிவு செய்தது. 2025 ஜூனில் சொன்ன கணக்கு இது: அப்போது நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் கொடுக்க முடிந்தது. புதிய ஏற்பாட்டில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். "இடம் இருக்கிறதா?" என்ற விசாரணைகள் நிமிடத்துக்கு 4 லட்சத்தில் இருந்து 40 லட்சமாக உயர வேண்டும்.

2013-ல் மணி அடித்தது. 2025-ல் இந்த அறிவிப்பு. நடுவே பன்னிரண்டு ஆண்டு. தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தாமதத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லி விட முடியாது. முன்பதிவுப் புரோகிராமுக்குள் டிக்கெட் மட்டுமா இருக்கிறது? பெண்களுக்கு ஒரு ஒதுக்கீடு. உடல் ஊனமுற்றவர்களுக்கு ஒன்று. ராணுவத்தாருக்கு ஒன்று. வயதானவருக்குக் கீழ் படுக்கை. புற்றுநோயாளிக்குச் சலுகை. வெயிட்டிங் லிஸ்ட். பாதிப் படுக்கை கொடுக்கும் ஆர்.ஏ.சி. வழியில் ஏறுகிறவருக்குத் தனிப் பங்கு. 1997-ல் வந்த தட்கல். ரத்து செய்தால் எந்த நேரத்தில் எவ்வளவு பிடித்தம் என்ற கணக்கு.

நாற்பது ஆண்டு விதிகள்! ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் எழுதி உள்ளே வைத்தார். அவரில் பலர் ஓய்வு பெற்று விட்டார்கள். புதிதாக எழுதுகிறவர் ஒரே ஒரு விதியை மறந்து விட்டால் போதும். கோவில்பட்டியில் ஏற வேண்டிய ஒரு கர்ப்பிணிக்குக் கீழ் படுக்கை கிடைக்காமல் போகும். சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவருக்குச் சலுகை மறுக்கப்படும்.

அதோடு, கடையை மூடி விட்டு வேலை பார்க்கவும் வழி இல்லை. ரெயில் ஒரு நாளும் நிற்பது இல்லை. இன்டர்நெட் முன்பதிவுக்குக் கிடைத்து வந்த ஓய்வே இரவு 11.45 மணி முதல் 12.20 மணி வரைதான். முப்பத்தைந்து நிமிடம்! அந்த நேரத்திலும் நெல்லை எக்ஸ்பிரசும் பொதிகையும் முத்துநகரும் ஆளை ஏற்றிக் கொண்டு ஓடிக் கொண்டுதான் இருக்கும்.

புது எந்திரத்துக்குப் பரீட்சை என்றைக்கு என்பது நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் இருந்து 60 நாள் முன்னதாக டிக்கெட் கொடுக்கும் முறை வந்தது. அந்தக் கணக்குப்படி, போகிக்கு முந்திய இரவு சென்னையில் இருந்து புறப்படும் ரெயில்களுக்கு நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை 8 மணிக்குக் கதவு திறக்கிறது. தாம்பரத்திலும் அம்பத்தூரிலும் வேலை பார்க்கும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பிள்ளைகள் அன்று காலை 7.55-க்கே செல்போனைக் கையில் எடுத்து விடுவார்கள். 8.05-க்கு முடிவு தெரிந்து விடும்.